மூன்றாம் மாடியில் ஒரு மைதானம்

அவர் வெளிநாட்டில் இருந்த அந்த நாட்கள் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்.

இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது அவருடைய மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

தொலைக்காட்சிக்குப் போவதற்கு முன் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று சொல்வதுதான் வேலை. வெறும் ஊர்ப்பெயரும் மணியும்தான். ஆனாலும் அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும். "கடைசி வண்டி புறப்பட்டுவிட்டது" என்பதைக்கூட, கேட்பவருக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது என்பது மாதிரி சொல்வார். அப்படிக் கேட்டுக்கொண்டே நின்று வண்டியைக் கோட்டைவிட்ட ஒருவர் ஒருநாள் கோபமாகக் கூண்டுக் கதவைத் தட்டினார். புதிதாகத் தொடங்கியிருந்த தொலைக்காட்சி நிலையத்தின் மேலாளர் அவர். அடுத்த மாதமே இவர் கூண்டை விட்டு வெளியே வந்து விளையாட்டுச் செய்தி வாசிக்க ஆரம்பித்தார். உள்ளூர் கால்பந்துக்கு வர்ணனை சொன்னார். குடியிருப்பில் அவருக்கு 'அறிவிப்பு' என்று பெயர். அவள் 'அறிவிப்பு வீட்டம்மா'.

பிறகு அந்தப் பெரிய போட்டி வந்தது. உலகமே பார்க்கிற கால்பந்து. எங்கோ தூரதேசத்தில் ஒரு மாதம் நடக்கிறது. அதைக் காட்டும் உரிமையை நிலையம் வாங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"நான் வெளிநாடு போறேன்."

"நிஜமாவா!"

"இல்ல."

அவள் விளக்கைப் போட்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"போகல. ஆனா போறேன்," என்றார் அவர். "போட்டி சேனல்காரன் ஆள் அனுப்பறானாம். நாம அனுப்பலைன்னு தெரிஞ்சா நம்மளை யாரும் பார்க்க மாட்டாங்களாம். அதனால நானும் போறேன்னு காட்டப் போறாங்க. மூணாவது மாடியில பழைய ஃபைல் ரூம் இருக்குல்ல, அதுதான் மைதானம். ஒரு டிவி, ஒரு மைக்கு, ஒரு நாற்காலி. இறுதிப் போட்டி முடியறவரைக்கும் என்னை யாரும் வெளியில பார்க்கக் கூடாது. பார்த்தா வேலை இல்லன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"பஸ் ஸ்டாண்ட் வேலைக்கே திரும்பிடலாமே."

"கூண்டுல வேற ஆள் உட்கார்ந்தாச்சும்மா. நல்லாத்தான் பேசறான், பாவி."

மேலாளர் போட்ட எல்லாக் கட்டளைக்கும் அவர் தலையாட்டினார். ஃபைல் அறையிலேயே படுத்துக்கொள்ளவும் சம்மதித்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. மதியச் சாப்பாடு வீட்டில்தான். வெளிச்சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வயிறு கெட்டால் குரல் கெடும் என்று சொல்லிப் பார்த்தார். குரல் என்றதும் மேலாளர் இறங்கி வந்தார். நிலையத்தின் துணிகளை வெளுத்துக் கொண்டுவரும் சலவைக்கடை வேனில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையாக அவர் வீட்டுக்கு வந்துபோவது என்று முடிவாயிற்று. மேலாளரின் மனைவியிடம் இரவல் வாங்கிய காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலைய வாசலில் கையசைத்தார். படம் எடுத்தார்கள். அன்று மாலைச் செய்தியில் அது வந்தது. குடியிருப்பே கைதட்டியது.

அங்கே சாயங்காலம் நடக்கிற ஆட்டம் இங்கே காலையில் வரும். முதல் நாள் மேலாளர் எழுதிக் கொடுத்த ஒரு வரியை அவர் அப்படியே வாசித்தார்: "வணக்கம் நேயர்களே, மைதானத்திலிருந்து பேசுகிறேன்." அதற்குப் பிறகு மைதானம் என்ற வார்த்தையைச் சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் "கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறது" என்றார்.

"இப்படிப் புளுகறீங்களே," என்றாள் அவள் மதியம்.

"குளிர்னது நிஜம். பக்கத்து ரூம் மெஷினுக்காக ஏசி ஓடுது, அந்தக் காத்து நேரா என் கழுத்துல அடிக்குது. இந்த இருமல் எதனால வந்துச்சுன்னு நினைக்கிறே?"

இருமல் வந்தது. அது போகவும் இல்லை.

ஒன்றேகால் மணிக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறி வருவார். அவர் பேசுவதும் இருமுவதும் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று அவள் டிவியைச் சத்தமாக வைப்பாள். அந்த நேரத்தில் காலை ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு ஓடும். ஆக, அவர் குரலை மறைக்க அவர் குரலையே உரக்க வைத்தாள்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டம்மா தன் பெரிய மகனுக்கு விளையாட்டு ஷூ வேண்டுமென்று கால் அளவைக் காகிதத்தில் வரைந்தே கொண்டுவந்து கொடுத்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு நல்ல கத்தரிக்கோல் கேட்டார். மேல்மாடிப் பெரியவர் காதுக்கு வைக்கிற கருவி ஒன்று, அதுவும் தோல் நிறத்தில். "போன் பண்ணும்போது மறக்காம சொல்லும்மா." அவள் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் பட்டியலை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "தோல் நிறத்துல எதுக்கு? காது கேட்கலைன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்," என்றார்.

ஐந்து வயது மகளிடம் என்ன சொல்வது என்று இருவரும் ரொம்ப யோசித்தார்கள். கடைசியில், அப்பா வெளிநாட்டிலிருந்து தினமும் சாப்பிட வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. எதிர்வீட்டுக்கு விளையாடப் போனபோது, "எங்கப்பா இன்னைக்கும் வந்தாரே, எனக்கு ஊட்டி விட்டாரே," என்று சொல்லிவிட்டு வந்தது.

பதினோராம் நாள் அவர் தட்டைத் தொடவே இல்லை.

"காலையில படம் போயிடுச்சு," என்றார். "ரெண்டு நிமிஷம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. என் குரல் மட்டும் போயிட்டிருக்கு. மைதானத்துல இருக்கறவனுக்குப் படம் எதுக்கு? அவன் பேசணுமே. பேசினேன். பந்தை நடுவுல வெச்சு இவன் அவனுக்குக் குடுத்தான், அவன் இவனுக்குக் குடுத்தான்னு உருட்டினேன். கோல் மட்டும் போடாம பார்த்துக்கிட்டேன். படம் திரும்பி வந்தா ஒண்ணுக்குப் பூஜ்யம்."

"ஐயோ."

"கோல் விழுந்து எல்லாரும் கட்டிப் பிடிச்சு முடிச்சாச்சு. 'நீங்கள் காணத் தவறிய அந்த அற்புதமான கோல்'னு சமாளிச்சேன். யார் போட்டதுன்னு எனக்கே தெரியாது." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பஸ் ஸ்டாண்ட்ல வராத வண்டியை வந்துடுச்சுன்னு ஒருநாள்கூட சொன்னதில்லம்மா நான்."

அவளுக்கு அவரைத் தேற்ற நேரமில்லை. அவளுடைய கவலை வேறாக இருந்தது. இரண்டு நாளாக எதிர்வீட்டம்மா அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு பாதியில் நிற்கிறது. புருஷன் கடல் தாண்டிப் போயிருக்கிறான், வீட்டில் மதியம் ஆண்பிள்ளை இருமுகிறான். பின்படிக்கட்டில் சாம்பல் நிறக் கால்சட்டை ஏறிப் போகிறது. குழந்தையைக்கூட அப்பா என்று கூப்பிடப் பழக்கிவிட்டாளே! உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் இவளுக்குப் பெயர் போகும். இதுதான் கணக்கு. வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. அடித்தது என்பதைவிட, அலறியது என்று சொல்ல வேண்டும். அவர் எச்சில் கையோடு குளியலறைக்குள் ஓடினார். அவள் கதவைத் திறந்தாள். அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள், பின்னால் அக்காவின் கணவர். எதிர்வீட்டம்மா போன் செய்திருக்கிறாள்.

"வாங்க அண்ணி. சொல்லாம கொள்ளாம..."

"சொல்லிட்டு வந்தா என்னத்தைப் பார்க்க முடியும்?" நாத்தனார் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். "ரெண்டு தட்டு எதுக்கு?"

"ஒண்ணு குழந்தைக்கு."

"குழந்தை உள்ளே தூங்குது. இந்த மலையைச் சாப்பிட்டுட்டா தூங்குது?"

டிவியில் மூலையில் அவருடைய புகைப்படம், பின்னால் மைதானம், ஊரையே தூக்கிக்கொண்டு போகிற குரல். அக்காவின் கணவர் வந்த வேலையை மறந்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் சத்தம் போடாதேம்மா, கார்னர் கிக்கு."

"மச்சினன் குடும்பம் மூழ்குது, உங்களுக்குக் கார்னரா?"

அப்போது குளியலறைக்குள் யாரோ இருமினார்கள்.

நாத்தனார் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். "யாருடா உள்ளே! வெளியில வாடா!"

கதவு திறந்தது. கையில் சோற்றுப் பருக்கையோடு, பனியனோடு, அவளுடைய தம்பி வெளியே வந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். டிவிக்குள் அவர் "அற்புதம், அற்புதம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"டேய்... நீ எப்படா வந்தே?"

"தினமும் வர்றேன் அக்கா."

அவள் துடைப்பத்தாலேயே அவர் தோளில் இரண்டு போட்டாள். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அக்காவின் கணவர் மட்டும் டிவியை விட்டுத் திரும்பாமல், "அப்ப முடிவு உனக்குத் தெரியுமில்ல? சொல்லித் தொலைச்சிடாதே," என்றார்.

விஷயமெல்லாம் கேட்டு முடித்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நம்பலம்மா. சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"தெரியும் அண்ணி. அதனாலதான் வந்ததும் வராததுமா துடைப்பத்தைத் தேடினீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும். ஆனால் எதிர்வீட்டம்மாவுக்கு நாத்தனார் என்ன பதில் சொல்ல முடியும்? "ஒண்ணுமில்ல, என் தம்பி பொண்டாட்டி தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடி மறைக்கிறார்கள் என்றாகிவிட்டது. குடும்பமே உடந்தை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

"மேனேஜர்கிட்ட பேசறேன்," என்றார் அவர்.

"பேசினா மட்டும்? இன்னும் ரெண்டு வாரம்தானே. எனக்கு ஒண்ணும் ஆகிடாது," என்றாள் அவள். அவள் அதை நிஜமாகத்தான் சொன்னாள். தன்னைப் பற்றிய பேச்சை ஒரு மாதம் தாங்க முடியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பதினேழாம் நாள் மதியம் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "அப்பா, எதிர்வீட்டு ஆன்ட்டி இனிமே என்னை விளையாட வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் பொய் சொல்றேனாம்," என்றது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குழந்தைக்கு மிச்சச் சோற்றையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை முக்கியமான ஆட்டம். குடியிருப்பில் ஒரு வீடு பாக்கியில்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கதவிலிருந்தும் அவர் குரல் வந்துகொண்டிருந்தது. பழகிப்போனதால் அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் அவள் கால் நின்றது.

"நேயர்களே, பந்து இப்போது நடுக்களத்தில் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. அதற்குள் ஒரு சிறிய அறிவிப்பு. நான் மைதானத்தில் இல்லை. இந்த நாட்டை விட்டே நான் போகவில்லை. நம்முடைய நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஒரு சின்ன டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பார்க்கிற அதே படத்தைத்தான் நானும் பார்க்கிறேன். முதல் நாள் நான் சொன்னது பொய். எழுதியது யாராக இருந்தாலும் சொன்னது என் வாய். பதினோராம் நாள் படம் போன இரண்டு நிமிடத்தில் நான் வர்ணித்த ஆட்டத்தை யாரும் ஆடவே இல்லை. இரண்டு அணிகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வர்ணனையாளருக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாதே.

"இன்னொன்று. தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்கு நான் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். அங்கே கேட்கிற இருமல் என்னுடையது. பின்படிக்கட்டில் ஏறுகிற சாம்பல் நிறக் கால்சட்டை என்னுடையது. என் மகள் அப்பா என்று கூப்பிடுவது அவளுடைய அப்பாவைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். என் மனைவி எனக்காக இதையெல்லாம் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டிருக்கிறாள். இதோ, பந்து இடது ஓரத்துக்குப் போகிறது..."

ஒலிப்பதிவாளரின் விரல் ஒலியை நிறுத்தும் விசையின் மேலேயே இருந்ததாம். ஏன் அழுத்தவில்லை என்று பிறகு மேலாளர் கேட்டபோது, "அறிவிப்பை நடுவுல எப்படி சார் நிறுத்தறது?" என்றாராம்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். பத்து நாள் அவரை நீக்கி வைத்தார்கள். வேறு ஒருவர் வந்து வர்ணனை சொன்னார். நிலையத்துக்குப் போன் மேல் போன். "அந்த மூணாவது மாடிக்காரர் எங்கே?" இறுதிப் போட்டிக்கு அவரையே கூப்பிட்டார்கள். "மூன்றாவது மாடியிலிருந்து பேசுகிறேன்" என்று ஆரம்பித்தார். தெருவெல்லாம் கைதட்டல் கேட்டது.

அடுத்த வருடம் தேர்தல் வந்தபோது வாக்கு எண்ணிக்கையைச் சொல்ல அவரை உட்கார வைத்தார்கள். அரசியல் தெரியுமா என்று மேலாளருக்கே சந்தேகம். ஆனால் ஜனங்கள் நம்புகிறார்களே! போட்டி சேனல் மதியத்துக்குள் ஒருவரை ஜெயிக்க வைத்து மாலையும் போட்டுவிட்டது. இவர் மட்டும் "இன்னும் இரண்டு பெட்டி எண்ணவில்லை. எனக்குத் தெரியாது" என்று அரை மணிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பெட்டியில் எல்லாம் தலைகீழானது. 'எனக்குத் தெரியாது' என்று தொலைக்காட்சியில் சொன்ன முதல் ஆள் என்று அவரைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். இருபத்தாறு வருடம் விளையாட்டையும் அரசியலையும் மாறி மாறிச் சொன்னார். ஒரு விவாதத்தில் ஒரு மந்திரி, "மைதானத்துக்கே போகாம மேட்ச் சொன்ன ஆள்தானே நீங்க?" என்று இடித்தார். "ஆமாங்க, அதை நானே சொல்லிட்டேன். நீங்க உங்க தொகுதிக்குப் போகாததை நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றார் இவர். மந்திரி தண்ணீர் கேட்டார்.

அவர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. பத்திரிகைகள் மந்திரி தண்ணீர் குடித்ததை எழுதின, இரண்டு பெட்டியை எழுதின. அறிவிப்புச் செய்த அன்றைய மதியத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது அந்தப் படிக்கட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சலவை வேன் வரவில்லை. பட்டப்பகலில், தெருவோடு, நடந்தே வந்தார். முன்படிக்கட்டில் ஏறினார். எல்லாக் கதவும் திறந்திருந்தது, எல்லாக் கதவிலும் தலைகள். கீழ்வீட்டுத் தையல்காரர், "கத்தரிக்கோல் கிடைக்காதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்றார். மேல்மாடிப் பெரியவர், "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அழுதிருப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பத்து வீட்டுக்குத் தெரிஞ்ச விஷயம். நாடு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கீங்க!"

"உன் பேரைக் காப்பாத்தணும்னுதான்..."

"பேன்ட் கலரெல்லாம் எதுக்கு?"

"விவரம் இல்லாம வர்ணனை எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் வாயைத் தானாக மூடியதை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். அதற்கே பாதிக் கோபம் போய்விட்டது.

"கையைக் கழுவிட்டு வாங்க. ஆறிடுது."

"வேலை போயிருக்கும்."

"போகட்டும். முதல்ல சாப்பிடுங்க."

எதிர்வீட்டம்மா தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றாள். "குழந்தையை... விளையாட அனுப்பேன்." அவள் ஒரு நிமிடம் எதிர்வீட்டம்மாவை அப்படியே நிற்க வைத்தாள். பிறகு, "அப்பாகூடச் சாப்பிடுது. முடிச்சதும் வரும்," என்றாள். கதவைச் சாத்தவில்லை. பதினெட்டு நாளாகச் சாத்திச் சாத்திக் கை வலித்துவிட்டது அவளுக்கு. டிவியையும் போடவில்லை. அவர் இருமினார், அது நான்கு மாடிக்கும் கேட்டது.

போன் அடித்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அவரை உட்கார வைத்துவிட்டு எடுத்தாள். மறுமுனையில் மேலாளர்.

"எங்கேம்மா அந்த ஆளு?"

அவள் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். எதிர்க்கதவைப் பார்த்தாள். பிறகு, பேருந்து நிலையக் கூண்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"வீட்டுலதான் இருக்கார். சாப்பிடறார். அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னார்?" என்றார் அவர்.

"தெரியாது. நான் கேட்கல," என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள்.